பைன் மரத்துக்கு எண்ணெயா, அரக்கா, மெழுகா?

குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளிநாட்டுச் சரக்கு வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் பைன் பலகை வாங்கி, ஆசாரியை வீட்டிலேயே வைத்து ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு புத்தக அலமாரி, ஒரு தொட்டில் செய்திருக்கிறார். மனைவிக்கு இது ஐந்தாம் மாசம். பெயின்ட் வாடையே அவருக்கு ஆகவில்லை. பிள்ளை வாய் வைக்கிற சாமான் என்பதால் இயற்கையான பூச்சுதான் வேண்டும் என்கிறார். கடைக்காரர் பி.யூ. என்கிற பாலியூரிதேன் பாலீஷ் அடிக்கச் சொல்கிறாராம். மாமனார் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறாராம். எதைக் கேட்பது என்பது அவர் கேள்வி. ரப்பர் மரத்துக்கும் இதே முறை சரிவருமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டிலுக்கு அரக்கு, அதாவது ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கும் பாலீஷ். அலமாரிக்கு அரக்கு, அதன்மேல் தேன்மெழுகு. மேசைக்கு ஆளிவிதை எண்ணெய், கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேட்டால் தருவார்கள். மூன்று சாமானுக்கும் ஒரே டப்பா தேடாதீர்கள். மூன்றும் படப்போகும் பாடு வேறு வேறு. இன்னொன்று, இப்போது ஐப்பசி. இந்த மழையில் பூச்சு வேலை எதையும் தொடாதீர்கள்.

தக்கலைப் பக்கம் எங்கள் பட்டறையில் முப்பது வருஷமாக மரத்தோடுதான் இருக்கிறேன். அப்பா காலத்தில் பைன் என்ற பேரே இங்கே கிடையாது. தேக்கு, அயினி, பலா, வேங்கை, ஏழைக்கு மாமரம், அவ்வளவுதான். அதனால் நம் ஊர்ப் பாலீஷ் பழக்கம் முழுக்க அந்த வைரம் பாய்ந்த தடிகளுக்காக உண்டானது. பத்மநாபபுரம் அரண்மனையில் கைபட்டுக் கைபட்டு மின்னும் தூணைப் பார்த்துவிட்டு, "அதுபோல் பண்ணித் தாருங்கள்" என்று பைன் பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த மினுக்கத்தில் பாதி மரத்தின் உடம்பில் இருந்து வருவது. தேக்குக்குத் தன் எண்ணெய் உண்டு, அயினிக்குத் தன் இறுக்கம் உண்டு. பைன் அப்படி இல்லை. அதை அதன் குணத்தோடுதான் நடத்த வேண்டும்.

அந்தக் குணம் என்ன என்று பாருங்கள். பலகையின் முகத்தில் வெளிர்க் கோடும் கருங்கோடும் மாறி மாறி ஓடும். வெளிர்க் கோடு மரம் வேகமாக வளர்ந்த காலத்தில் உண்டானது, நகத்தால் அழுத்தினாலே குழியும். கருங்கோடு மெதுவாக வளர்ந்தது, கெட்டியாக இருக்கும். எந்த நிறத்தைப் பூசினாலும் வெளிர்க் கோடு பஞ்சுபோல் குடிக்கும், கருங்கோடு தள்ளிவிடும். ஈட்டி மர நிறம் வேண்டும் என்று பைனில் ஸ்டெயின் அடித்தவர்கள் வீட்டில் திட்டுத்திட்டாக, தேமல் விழுந்த தோல்போல் இருப்பது இதனால்தான். பைனுக்கு அதன் மஞ்சள் வெளுப்பே அழகு. அதை மறைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிறம் கட்டாயம் வேண்டும் என்றால், முதலில் நீர்த்த அரக்கு ஒரு கோட் கொடுத்து அந்தக் குடியை அடக்கிவிட்டுப் பிறகு நிறம் கொடுங்கள்.

இரண்டாவது, கணுவும் பிசினும். நீங்கள் வாங்கியது பெட்டிப் பலகை. மிச்சத் துண்டுகளில் கதிர்போன்ற ஒரு படமும் ஐ.பி.பி.சி. என்ற எழுத்தும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிக்குப் பூச்சி ஒழிப்பு செய்ததற்கான அடையாளம் அது. எச்.டி. என்றிருந்தால் சூடேற்றியது: பலகையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி, 30 நிமிடம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அந்தப் புகை நாளாக ஆகக் கலைந்துவிடும் என்றாலும், தொட்டிலுக்கு அந்தப் பலகையை வைக்க என் மனசு ஒப்பாது. தொட்டிலில் அப்படி ஒரு துண்டு இருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ உள்ள பலகையும் அப்படியே. பெட்டியில் என்ன கொட்டியதோ யாருக்குத் தெரியும்?

எச்.டி. பலகையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 56 டிகிரி பூச்சியைக் கொல்லும், பிசினை இறுக வைக்காது. பிசின் இறுகிக் கெட்டியாக 70 டிகிரிக்கு மேல் சூளையில் கிடக்க வேண்டும். அது நடக்காத பலகையில், சித்திரை வெயிலில் கணுவில் இருந்து தேன்போல் பிசின் கசியும். எண்ணெயும் மெழுகும் அதைத் தடுக்காது. அரக்கு தடுக்கும். பிசின் டர்பன்டைனில் கரையும், எண்ணெயோடும் கலந்துபோகும். அரக்கோ ஸ்பிரிட்டில் கரைகிற இனம், டர்பன்டைனிலும் எண்ணெயிலும் கரையாது, அதனால் கணுவின் மேல் நல்ல மூடியாக உட்காரும். எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் கணு மேல் மட்டும் இரண்டு கோட் அரக்கு முதலில் போட்டுவிடுங்கள். மேசையிலும்தான். அந்த இடம் எண்ணெய் குடிக்காது, கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும். பிசின் கசிவதற்கு அது எவ்வளவோ மேல்.

இனி நம் ஊர்க் காற்று. வெளிநாட்டுக்காரர் எழுதியதைப் படித்து அப்படியே செய்தால் இங்கே பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். நமக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இரண்டுக்கும் நடுவில் கோடை மழை. கடலும் ரொம்பத் தூரம் இல்லை. சூளையில் காய்ந்து வந்த பலகையில் நூற்றுக்கு 10, 12 பங்கு ஈரம் இருக்கும். நம் வீட்டுக்குள் கொஞ்சநாள் கிடந்தால் அது 14, 15 ஆகிவிடும். 30 சென்டிமீட்டர் அகலப் பலகை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை அகலம் கூடும். மழைக்காலத்தில் டிராயர் இறுகிக்கொள்வது இதனால்தான். எந்தப் பூச்சும் இந்த ஈரத்தை முழுக்க நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. அதில் அரக்கு கெட்டி, எண்ணெய் சுமார், மெழுகு மட்டும் என்றால் பேருக்குத்தான். அதனால் மேலே எத்தனை கோட்டோ அதே அளவு அடிப்பக்கத்துக்கும் கொடுங்கள். மேசையின் மேல்பக்கம் மட்டும் பூசி, அடிப்பக்கத்தை வெறுமனே விட்டால் பலகை ஒரு பக்கம் ஈரம் குடித்து வளையும். எத்தனையோ பேர் இதில் ஆசாரியைக் குறை சொல்லுகிறார்கள். பாவம், அவர் தச்சு சரியாகத்தான் இருக்கும்.

மாமாவின் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. நம் வீட்டில் உலக்கைக்கும் சப்பாத்திக் கட்டைக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் தேங்காய் எண்ணெய்தான் தடவுவோம், அவை நூறு வருஷம் கிடக்கும். ஆனால் அவை தினம் கைபட்டுத் தேய்கிற, கழுவுகிற சாமான். மேசைக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, ஏனென்றால் அது காயவே காயாது. எண்ணெய் காய்வது என்றால் தண்ணீர்போல் ஆவியாவது இல்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து, எண்ணெயின் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியாவது. அதற்கு இடம் கொடுக்கும் எண்ணெயா இல்லையா என்று அளக்க அயோடின் மதிப்பு என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது 6 முதல் 11 வரைதான். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை, அரைகுறையாக இறுகும், பிசுபிசுப்பு போகாது. ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். அது உண்மையிலேயே காய்ந்து மரத்துக்குள் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் பூசிய அலமாரியில் வைத்த புத்தகத்தின் அட்டை எல்லாம் எண்ணெய் வட்டம் விழும். தூசி ஒட்டும். மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் கொண்டாட்டம்.

நம் ரப்பர்க் கொட்டையில் இருந்து எடுக்கும் எண்ணெய்க்கும் அந்த எண் 130க்கு மேல் இருக்கிறது. பெயின்ட் தொழிலில் ஆளிவிதை எண்ணெய்க்கு மாற்றாக அதைப் பயன்படுத்தியது உண்டு. குலசேகரம் பக்கம் தோட்டத்தில் காலில் மிதிபடும் கொட்டை அது. சுத்தமாக வடித்து, காய்ச்சி, மரத்துக்கு ஏற்றபடி யாராவது செய்து விற்றால் முதலில் வாங்குகிற ஆள் நான்தான்.

கடற்கரையில் வள்ளத்துக்குப் பூசும் எண்ணெய்களைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். மத்தி எண்ணெய் நன்றாகவே காயும், ஆனால் அந்த வாடையோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது? முந்திரித் தோட்டு எண்ணெய் கறையானுக்கும் உப்புத்தண்ணீருக்கும் நல்ல எதிரி. ஆனால் தோலில் பட்டால் வெந்துபோகும், மரத்தைக் கருப்பாக்கிவிடும். கொட்டை தல்லுகிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இயற்கையில் இருந்து வருவதாலேயே ஒன்று வீட்டுக்குள் வைக்கத் தகுந்ததாகிவிடாது. புன்னை எண்ணெய் காயாத ஜாதி, அதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது ஆளிவிதை எண்ணெய். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், நம் ஈரக்காற்றில் இன்னும் இழுக்கும். 'பாயில்டு' என்று விற்பது பெரும்பாலும் வெறுமனே காய்ச்சியது அல்ல, காய்வதை விரைவாக்க உலோக உப்புகள் கொஞ்சம் சேர்த்தது. அதனால்தான் அதை மேசைக்குச் சொன்னேன், தொட்டிலுக்குச் சொல்லவில்லை. முழுக்க இறுகியபின் மேசைக்கு அதில் தோஷமில்லை. கலப்படம் நிறைய உண்டு. ஒருமுறை நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கிய எண்ணெய் பத்து நாளாகியும் பிசுக்கென்று ஒட்டி, ஒரு கல்யாண வீட்டுக் கட்டிலை முழுக்கத் துடைத்து மறுபடி செய்ய வேண்டி வந்தது. அதில் இருந்து புது டப்பா உடைத்தால் ஒரு கண்ணாடித் துண்டில் விரலால் மெல்லியதாகத் தேய்த்து வைத்துப் பார்ப்பேன். வெயில் நாளில் இரண்டு மூன்று நாளுக்குள் நகத்துக்குக் கெட்டியாகத் தோலாக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த எண்ணெய் மரத்திலும் ஆகாது. கண்ணாடியில் தெரிந்துகொள்வது மேசையில் தெரிந்துகொள்வதைவிட மலிவு.

பூசும் முறை லேசானது. பழைய வேட்டித் துணியில் எண்ணெயைத் தொட்டு, நார் ஓட்டத்தோடு தாராளமாகத் தேய்த்து, 15, 20 நிமிடம் குடிக்க விட்டு, பிறகு மேலே நிற்பதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துவிட வேண்டும். மரத்துக்குள் போனதுதான் பூச்சு. மேலே தங்கியது அழுக்கு பிடிக்கும் பசை. ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு அடுத்த கோட். முதல் கோட்டில் பாதியளவு டர்பன்டைன் கலந்தால் உள்ளே நன்றாக இறங்கும். மேசைக்கு நாலு கோட் கொடுங்கள், வெட்டுமுனைகளுக்கு இன்னும் ஒன்று. முழுக்க இறுக ஒரு மாசம் ஆகும். அதுவரை ஈரப் பாத்திரம் வைக்காதீர்கள்.

துடைத்த துணியை என்ன செய்வது என்பதை எண்ணெயைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டிப் போட்ட துணியில் உள்ளுக்குள்ளேயே ஏறி ஏறி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். என் பட்டறையில் ஒரு பையன் வேலை முடிந்து துணிகளைக் கசக்கி, மரத்தூள் இருந்த வாளியில் போட்டுவிட்டுப் போனான். இரவு எட்டு மணிக்குச் சாவி மறந்தது என்று திரும்பிப் போன நான் கருகிய வாடையில்தான் நின்றேன். வாளிக்குள் கை வைக்க முடியவில்லை, புகை வந்துகொண்டிருந்தது. சாவியை மறக்காமல் இருந்திருந்தால் பட்டறை இல்லை. துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீடு, இதை மட்டும் யாரிடமும் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

அரக்கு என்பது நம் பதிவு அலுவலகத்தில் உருக்கி முத்திரை வைத்தார்களே, அதே வகைதான். ஒரு சின்னப் பூச்சி மரக்கொம்பில் உண்டாக்கும் பிசின். ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் காடுகளில் இருந்து வருகிறது. சுத்தம் செய்து தகடாக்கியதை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலீஷ்காரர்கள் ஸ்பிரிட் பாலீஷ், பிரெஞ்சு பாலீஷ் என்று அடிப்பது அதுதான். தயாராகக் கலந்து விற்பதை வாங்காதீர்கள். கரைத்து வைத்த அரக்கு ஆறு மாசம், ஒரு வருஷம் போனால் காயும் குணத்தை இழந்துவிடும், பாட்டிலில் எப்போது கலந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தகடு வாங்கி, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஒருநாள் முழுக்க அவ்வப்போது குலுக்கி, துணியில் வடிகட்டுங்கள். முதல் கோட்டுக்கு அதில் பாதி ஸ்பிரிட் சேர்த்து நீர்க்க வைக்க வேண்டும். பலகையின் வெளுப்பு மாறக்கூடாது என்றால் வெளிர் நிறத் தகடாகக் கேளுங்கள். கருஞ்சிவப்புத் தகடு பைனை ஆரஞ்சாக்கிவிடும்.

மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போகிற பொருள் என்பதால் தொட்டிலுக்கு எனக்கு இதன்மேல் நம்பிக்கை. தச்சுக்கு விற்கும் தகடு தின்பதற்காகச் சுத்தம் செய்தது இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஸ்பிரிட் பறந்து, அரக்கு இறுகி, சில வாரம் ஆனபின் அந்தத் தொட்டிலில் பிள்ளையைப் போட நான் தயங்கமாட்டேன். என் பேத்தியின் தொட்டில் அப்படித்தான். பல் முளைக்கும்போது மேல்கம்பியைக் கடிக்கும், அந்த நாட்களில் கம்பியில் பழைய வேட்டியைச் சுற்றிவிடுங்கள். பைனைக் கடித்தால் பூச்சைவிடச் சிலாம்புதான் பயம்.

அரக்குக்கு மூன்று பகை உண்டு. சூடு, சாராயச் சத்து, சோப்பு. கொதிக்கிற டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட் உள்ள சானிடைசர் பட்டால் கரையும். தரை கழுவும் திரவத்தில் துடைத்தால் மங்கிப்போகும். அதனால்தான் மேசைக்கு வேண்டாம் என்றேன். நாலாவதாக நம் ஊருக்கென்றே ஒரு பகை, ஈரக்காற்று. மழைநாளில் அரக்கு அடித்தால் ஸ்பிரிட் பறக்கும் வேகத்தில் மரத்தின் மேல் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து, முகம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்தால் பயப்பட வேண்டாம். நல்ல வெயில்நாள் பார்த்து ஸ்பிரிட் தொட்ட துணியால் மெதுவாக ஒரு ஓட்டு ஓட்டினால் தெளியும். அரக்கின் பெரிய நல்ல குணமே இதுதான். எத்தனை வருஷம் கழித்தும் புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், முழுக்கச் சுரண்ட வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன பி.யூ. மோசமான பொருள் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர், மீன்குழம்பு, சூடு, மூன்றையும் அதுதான் நன்றாகத் தாங்கும். ஓட்டல் மேசைக்கு நானே அதைத்தான் அடித்துக் கொடுக்கிறேன். ஆனால் அது மரத்தின் மேல் ஒரு கண்ணாடித் தோல்போல் நிற்பது. அடியில் தேக்கு இருந்தால் அந்தத் தோலுக்குத் தாங்கல் உண்டு. பைனில் ஒரு சொம்பு விழுந்தால் மரம் குழியும், மேலுள்ள தோல் வெடித்து வெள்ளைக் கோடு விழும், அதன்வழி ஈரம் இறங்கிக் கருக்கும். அதைச் சரிசெய்ய மேல்பலகை முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெய் பூசிய மேசையில் அதே குழி விழுந்தால், ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஆவி காட்டினால் நார் உப்பி எழும்பிவிடும். காய்ந்தபின் உப்புத்தாளால் தடவி, ஒரு கைத்துணி எண்ணெய் தேய்த்தால் போதும். பைன் குழியத்தான் செய்யும். அதைத் தடுக்கும் பூச்சு எதுவும் கிடையாது. அப்படியிருக்க, வீட்டுக்காரரே ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் சரிசெய்யக்கூடிய பூச்சுதான் மென்மரத்துக்கு ஏற்றது என்று முப்பது வருஷத்தில் எனக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு விலையாக மேசையில் சூட்டுப் பாத்திரத்துக்குப் பனையோலைத் தடுக்கு வைக்க வேண்டும், வருஷம் ஒருமுறை எண்ணெய் தேய்க்க வேண்டும். மஞ்சள் கறை விழுந்தால் பதறாதீர்கள். துடைத்துவிட்டு வெயில் படும் இடத்தில் இரண்டு நாள் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும்.

தேன்மெழுகுக்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கிராமத்தாருக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தபோது தேனீ வளர்ப்பையும் பரப்பினார். அந்தத் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேன் எடுக்கிறவர்களிடம் அடைமெழுகு கேட்டால் தருவார்கள். தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, ஆறவிட்டால் மெழுகு மேலே வட்டாக மிதந்து கட்டியாகும், அழுக்கு அடியில் தங்கும். அதில் 100 கிராம் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம். அடுப்பை அணைத்து, வேறு இடத்துக்குக் கொண்டுபோய், 300 மில்லி டர்பன்டைன் ஊற்றிக் கலக்கினால் ஆறும்போது வெண்ணெய்ப் பதமாகும். நல்ல டர்பன்டைன் பைன் மரப் பிசினில் இருந்தே வடிக்கிறது. பைனில் வந்ததைப் பைனுக்கே கொடுக்கிறோம். மலிவாக அதே பேரில் விற்பதில் பெரும்பகுதி பெட்ரோலிய எண்ணெய், வாடையிலேயே தெரிந்துவிடும்.

மெழுகை வெறும் பைன் மேல் பூசினால் வெளிர்க் கோடு குடித்து ஒரு மாசத்தில் மங்கிவிடும், ஈரத்தையும் தடுக்காது. அடியில் இரண்டு கோட் அரக்கு இருந்தால் மெழுகு மேலே நிற்கும், கைக்கு வழவழப்பாக இருக்கும், புத்தகம் ஒட்டாது. மெல்லியதாகத் தடவி, அரைமணி நேரம் விட்டு, கம்பளித் துணியோ பழைய பனியனோ வைத்து நன்றாகத் தேய்த்து மினுக்குங்கள். கெட்டியாக அப்பினால் சித்திரையில் விரல் தடம் பதியும், ஏனென்றால் தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகுவது, நம் வெயிலிலேயே இளகத் தொடங்கும்.

ரப்பர் மரம் பற்றிக் கேட்டீர்கள். அது மென்மரக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை, இலை அகன்ற மரம். நிறம் சீராகவே பிடிக்கும், பிசின் கசியாது, மேலே சொன்ன மூன்று பூச்சும் பைனைவிட அதில் அழகாக உட்காரும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், உளுப்பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். அறுத்த உடனே போரான் மருந்தில் ஊறிய பலகையா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். மருந்து ஏறாத ரப்பர் பலகையில் எந்தப் பாலீஷும் பூச்சியை நிறுத்தாது. கறையான் விஷயமும் அதுவே. எண்ணெயோ அரக்கோ கறையானுக்குத் தடை இல்லை. அலமாரியைச் சுவரில் இருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வைத்து நிறுத்துங்கள்.

இனி வேலை வரிசை. கார்த்திகைவரை தேய்ப்பு வேலை மட்டும் செய்யுங்கள். 100 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 150, முடிவில் 180. அதற்குமேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் வெளிர்க் கோடு மட்டும் பள்ளமாகி, கருங்கோடு வரப்புபோல் நிற்கும். ஒரு கட்டையில் சுற்றிப் பிடித்து, நார் ஓட்டத்தோடு மட்டும் தேயுங்கள். 150 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்துக்கிடந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும். அதை 180இல் லேசாகச் சீவினால் பிறகு பூச்சில் சொரசொரப்பு வராது.

தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாசத்தில் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள் அல்லவா? உங்கள் கணக்குப்படி அது மார்கழி. அவர் போனபின் தை பிறந்ததும், பனி விலகி வெயில் ஏறிய பத்து மணிக்குமேல் பூச்சைத் தொடங்குங்கள், மூன்று மணிக்கு நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிட், டர்பன்டைன் இரண்டும் சட்டெனத் தீப்பிடிப்பவை. வீட்டுக்குள் அல்ல, முற்றத்துப் பந்தலில் வையுங்கள். தொட்டிலை முதலில் எடுங்கள். கணுக்களுக்கு அரக்கு, பிறகு முழுக்க நீர்த்த அரக்கு ஒன்று, கெட்டி அரக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமும் பழைய 220 தாளால் ஒரு தடவலும். இரண்டு நாளில் முடிந்துவிடும். மேசையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் வாடை அடங்க அதற்குத்தான் நாள் வேண்டும். பிள்ளையும் தாயும் கருங்கலுக்குத் திரும்பி வரும்போது எப்படியும் நாலு மாசம் கடந்திருக்கும். அதற்கு முந்தின வாரம் தொட்டிலின் அடிப்பலகையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். மர வாடை மட்டும் வந்தால் மெத்தையை விரிக்கலாம்.